பாலிமர் பரப்பில் எலக்ட்ரான் ஆற்றல் இழப்பு: எது நிஜம், எது கற்றை செய்த வேலை?

தரமணி லேப்:
பாலிஸ்டைரீனில் 1500 ஈவி (எலக்ட்ரான் வோல்ட்) எலக்ட்ரான் கற்றையை விட்டு, திரும்பி வரும் எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாக எண்ணினால் இழப்பு நிறமாலை கிடைக்கும். அதில் மீள்சிதறல் பீக்குக்கு, அதாவது ஆற்றலை ஏறக்குறைய இழக்காமல் திரும்பியவற்றின் முகட்டுக்கு, கீழே 7 ஈவி அளவில் ஒரு சின்ன மேடு தெரியும். பென்சீன் வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கும் பை எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுவதன் அடையாளம் அது. 20-ஐத் தாண்டி அகலமாக எழுவது பிளாஸ்மான், அதாவது எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடுவது.

பாலிஎத்திலீனில் வளையமே இல்லை, அதனால் 7-ல் எதுவும் வரக்கூடாது. 6, 7 ஈவி பக்கம் லேசாகப் புடைத்தால் கற்றை சாம்பிளைக் கருக்க ஆரம்பித்துவிட்டது. ஹைட்ரஜன் கழன்று இரட்டைப் பிணைப்புகள் உருவாகியிருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி: முதலில் ஒரு குறுகிய ஸ்கேன், அப்புறம் நீண்ட ஸ்கேன், கடைசியில் அதே இடத்தில் பழைய குறுகிய ஸ்கேன். முதலும் கடைசியும் பொருந்தாவிட்டால் நடுவில் எடுத்ததை நம்பாதீர்கள்.

கிண்டி வாசகன்:
சார் சொன்னதோடு ஒன்று. எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே விட்டுப் பரப்பைச் சோதிக்கும் முறை) கண்ணுக்கு ஹைட்ரஜன் படாது, இந்த முறையில் படும். லேசான அணு என்பதால் எலக்ட்ரான் மோதும்போது அதிகம் பின்வாங்கி, எலக்ட்ரானின் ஆற்றலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஹைட்ரஜனின் மீள்சிதறல் பீக், கார்பன் பீக்குக்குச் சுமார் 2 ஈவி கீழே தனியாக நிற்கும் (1500 ஈவி, பின்சிதறல் கோணத்தில்). ஸ்கேனுக்கு ஸ்கேன் அது குட்டையாகிறதா என்று பாருங்கள். சேதத்தை அளக்க இதைவிட நேரடியான அளவுகோல் இல்லை என்பது என் கருத்து.

சுழல்மேடை:
தடித்த ஷீட்டை வைத்தால் சார்ஜ் ஏறி பீக் நகரும், அகலும். தகவல் வருவதே மேலே சில நானோமீட்டரிலிருந்துதான், அதற்குத் தடிமன் எதற்கு? டொலுவீனில் 1 சதவீதம் பாலிஸ்டைரீன் கரைத்து, சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய தகடு) நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழற்றிப் பூசினால் சில பத்து நானோமீட்டர் படலம் கிடைக்கும். சார்ஜ் பெரும்பாலும் அடியில் இறங்கிவிடும்.

நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குளோரோஃபார்ம் பக்கம் போகாதீர்கள். வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் துளித்துளியாகப் படிந்து படலம் குழிகுழியாகும். ஓட்டை இருந்தால் இழப்பு நிறமாலையே காட்டிக்கொடுக்கும்: 17 ஈவியில் சிலிக்கானின் பிளாஸ்மான் கூர்மையாக எட்டிப்பார்க்கும்.

தரமணி லேப்:
@சுழல்மேடை சரிங்க. பிவிசி, டெஃப்ளான் எடுப்பவர்கள் இன்னும் உஷார். குளோரினும் ஃப்ளோரினும் சீக்கிரம் பிரியும். கற்றையைக் குவிக்காமல் பரப்பி ஓட்டுங்கள், ஸ்கேனுக்கு ஒரு புது இடம்.