பதின்வயதுப் பிள்ளைகளை எழுத வைக்க, பேச வைக்க: கையெழுத்து இதழ், நாடகம், ஒலிப்பதிவு அனுபவங்கள்

தமிழாசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி

ஏழு, எட்டாம் வகுப்புக்கு "இயற்கை", "தாய்மை" என்று தலைப்புக் கொடுத்தால் கட்டுரை நோட்டில் படித்த வரிகள்தான் திரும்பி வரும். தலைப்பு அவ்வளவு பெரிதாக இருந்தால் மனப்பாடம்தானே கைகொடுக்கும்? "உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்ததும் முதல் 5 நிமிஷம் என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். குடம், வரிசை, யார் யாரைத் திட்டினார்கள் என்று எல்லாமே வந்துவிடும்.

முதல் 3 நிமிடம் பட்டியல் மட்டும்: இன்று காலையிலிருந்து காதில் விழுந்தவை 10. அதில் ஒன்றுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு 7 நிமிடம் அதைப் பற்றிப் பேனா நிற்காமல் எழுத வேண்டும். ரப்பரும் ஒயிட்னரும் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் "எழுத வரல" என்றே எழுதிக்கொண்டு போகலாம். நாலாவது வரியில் வேறு ஏதாவது வந்துவிடும்.

கெட்டுப்போகிற இடம் சிவப்பு மை. "வந்துச்சு" என்பதை "வந்தது" என்று அடித்துத் திருத்தினால், அடுத்த வாரம் பாதி வகுப்பு நோட்ஸ் நடைக்குத் திரும்பிவிடும். பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள். ர/ற, ஒற்றுப்பிழை ஆகியவற்றை இதழுக்குப் பிரதி எடுப்பதற்கு முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924-இல் பார்-சுர்-லூ கிராமப் பள்ளி வகுப்பறைக்குள் சிறு அச்சுக்கருவியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதை அவர்களே அச்சுக் கோத்தார்கள். பிறகு வேறு ஊர்ப் பள்ளிகளோடு அந்த இதழ்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வெளியூர் வாசகர்தான். முகம் தெரியாத ஒருவர் வாசிக்கப் போகிறார் என்றால், சொல்லாமலேயே பிள்ளை இரண்டாம் முறை எழுதும்.

நூலகத் தன்னார்வலர்

இதழுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஏ4 தாள் போதும். 8 பக்கப் புத்தகம் கிடைக்கும், பக்கம் 7.4 × 10.5 செ.மீ.

தாளை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரியுங்கள். அகலவாக்கில் இரண்டாக மடித்து, அதையே இன்னொரு முறை மடித்துப் பிரித்தால் 8 கட்டங்கள் தெரியும். மறுபடியும் அகலவாக்கில் ஒரே ஒருமுறை மடித்து, மடிப்பு இருக்கும் விளிம்பிலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட தூரம் மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு வாய் திறந்து புத்தகமாகச் சேர்ந்துகொள்ளும். தாள் கிழிந்து வருகிறது என்றால், திறந்த விளிம்பிலிருந்து வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எழுதும் முன்பே மடித்து, பக்க எண்ணைப் பென்சிலில் போட்டுவிடுங்கள். விரித்தால் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். எண் இல்லாவிட்டால் கதையின் முடிவு இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிடும். ஜெராக்ஸுக்குக் கறுப்பு ஜெல் பேனாதான் சரி. பென்சிலும் வெளிர்நீலமும் சரியாக விழாது. ஓரங்களில் 1 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படும்.

நாடகப் பயிற்றுநர்

எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு உடம்பு முதலில் பேசும். பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த அரங்க முறையிலிருந்து ஒன்று: ஐந்து பேர் குழு, மூன்று உறைநிலைக் காட்சிகள், அதாவது சிலைபோல் அசையாமல் நிற்பது. பிரச்சினைக்கு முன், பிரச்சினை, அவர்கள் விரும்பும் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். அமைக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். பேச விட்டால் சத்தமான பையனே இயக்குநர் ஆகிவிடுவான், ஓரத்தில் நிற்கும் பெண் மரமாக நடிப்பாள்.

ஒருவருடைய சொந்தச் சம்பவத்தை அப்படியே நடிக்க வைக்காதீர்கள். பெயரையும் இடத்தையும் மாற்றி, இரண்டு மூன்று பேர் சொன்னதைக் கலந்து கதையாக்குங்கள்.

சமூக வானொலியில் பணிபுரிபவர்

ஒலிப்பதிவுக்கு செல்போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். எதிரொலிக்கும் வகுப்பறை என்றால் பாய், போர்வை தொங்கவிடுங்கள்.

முதல்முறை தன் குரலைக் கேட்டதும் பல பிள்ளைகள் "இது நான் இல்ல, அழிச்சிடுங்க" என்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, பதிவில் அது கிடையாது, அதனால்தான் மெலிதாகத் தோன்றுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறை கேட்டால் பழகிவிடும். பிறகும் வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டியதுதான்.

குழந்தைகள் நல ஆலோசகர்

மேலே சொன்ன எதைத் தொடங்குவதற்கும் முன் ஒன்று. மனம் திறந்து எழுதச் சொன்னால் சில தாள்களில் அடி, தொடுதல் பற்றிய செய்தி வரும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளையே தேதியோடு குறித்து வையுங்கள். அந்தத் தாள் இதழில் வரக் கூடாது, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது.

மற்ற படைப்புகளுக்கும் பிள்ளையின் சம்மதம் கேளுங்கள். புனைபெயர் வேண்டுமா என்றும் கேளுங்கள். பலர் வேண்டும் என்பார்கள்.