நான்-இன்ஃபீரியாரிட்டி: ‘தாழ்வின்மை’யா, ‘சளையாமை’யா?

ப. எழுதியது:

மருத்துவ ஆய்வு முடிவுகளைத் தமிழில் எழுதும்போது அடிக்கடி இடறும் சொல் நான்-இன்ஃபீரியாரிட்டி. இவ்வகை ஆய்வில் புதிய சிகிச்சை பழையதைவிட மேல் என்று காட்ட வேண்டியதில்லை. புதியதில் வேறொரு லாபம் இருக்கும்: மாத்திரை நாள் குறையும், விலை குறையும், அல்லது ஊசி தேவைப்படாது. அந்த லாபத்துக்காகப் பலனில் எவ்வளவு வரை குறைந்தால் பொறுக்கலாம் என்று முன்னதாகவே ஓர் அளவு அறிவித்துவிடுகிறார்கள். குறைவு அந்த அளவைத் தாண்டவில்லை என்று காட்டினால் ஆய்வு வென்றதாகக் கணக்கு.

செய்திகளில் இது ‘சமமான பலன்’ என்று வந்துவிடுகிறது. நான் ‘தாழ்வின்மை’ என்று வைத்துப் பார்த்தேன். சோதனை வாக்கியம்: “இரத்தத்தில் பாக்டீரியா தொற்றியவர்களுக்கு 7 நாள் ஆன்டிபயாட்டிக், 14 நாளைவிடத் தாழ்வின்மை உடையது.” எழுதிய எனக்கே தொண்டையில் சிக்குகிறது. நம் சொற்பட்டியலில் சேர்க்க வேறு சொல் உண்டா?

ந. எழுதியது:

> செய்திகளில் இது ‘சமமான பலன்’ என்று வந்துவிடுகிறது

‘சமம்’ கட்டாயம் வேண்டாம். சமானத்தைக் காட்டும் ஆய்வு தனி வகை. அதில் இரண்டு பக்கமும் எல்லை உண்டு. மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. ஜெனரிக் மாத்திரைக்குச் செய்யும் உயிர்ச்சமானச் சோதனையில், இரத்தத்தில் சேரும் மருந்தளவு மூல மாத்திரையினதில் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வகை. நாம் பேசுவதில் ஒரு பக்கம்தான் வேலி. புதியது எவ்வளவு மேலே போனாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

உங்கள் வாக்கியம் பேலன்ஸ் ஆய்வைப் பற்றியது என்று நினைக்கிறேன் (2024 நவம்பர், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்). 7 நாடுகளில் 74 மருத்துவமனைகள், 3,608 நோயாளிகள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5%, 14 நாள் பிரிவில் 16.1%. வேறுபாடு −1.6, நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு) −4.0 முதல் 0.8 வரை. முன்பே அறிவித்த எல்லை 4 விழுக்காட்டுப் புள்ளி. பார்க்க வேண்டியது மேல்முனையை: 0.8 என்பது 4-க்கு நன்றாகவே கீழே இருக்கிறது, எனவே வெற்றி. (கீழ்முனையிலும் 4 என்ற எண் வருவது தற்செயல். அதை எல்லையோடு குழப்பி எழுதிவிடாதீர்கள்.)

செய்தி எழுதுகிறவர்கள் விட்டுவிடக்கூடாத வரி ஒன்றும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தொற்றியவர்களையும், நோயெதிர்ப்பு கடுமையாகக் குன்றியவர்களையும், இதய வால்வுத் தொற்றுபோல் நெடுநாள் மருந்து வேண்டியவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ‘எந்த இரத்தத் தொற்றுக்கும் ஏழு நாள் போதும்’ என்று தலைப்பு வைத்தால் ஆபத்து.

வெ. எழுதியது:

‘தாழ்வின்மை’ ஓசையில் மட்டும் சிக்கவில்லை, பொருளிலும் சிக்குகிறது. ‘இன்மை’ என்றால் அறவே இல்லை என்று பொருள். இங்கே கொஞ்சம் தாழ்வு இருக்கலாம் என்பதுதானே ஆய்வின் அடிப்படை?

ஒரு கணக்கைப் பாருங்கள். எல்லை 4 புள்ளி, வேறுபாட்டின் இடைவெளி 0.5 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி முழுவதும் பூச்சியத்துக்கு மேலே இருப்பதால் புதிய மருந்து உறுதியாகச் சற்று மோசம். 4-ஐத் தொடாததால் ஆய்வு வெற்றி. இதை உங்கள் சொல்லால் எழுதினால்: “புதிய மருந்து தாழ்வானது; அதன் தாழ்வின்மை நிறுவப்பட்டது.” படிக்கிறவர் நம்மைத்தான் சந்தேகிப்பார்.

தோற்ற ஆய்வை எழுதும்போது இன்னும் மோசம். 2023-இல் வந்த ட்ரங்கேட்-டிபி ஆய்வில் காசநோய்க்கு வழக்கமான 24 வார மருந்தோடு, 8 வாரத்தில் தொடங்கித் தேவைப்பட்டால் நீட்டிக்கும் முறையை ஒப்பிட்டார்கள். 674 பேர், எல்லை 12 புள்ளி. 96-ஆம் வாரத்தில் இறப்பு, தொடரும் சிகிச்சை, அப்போதும் செயல்படும் நோய் மூன்றையும் கூட்டிப் பார்த்ததில் வழக்கமான பிரிவில் 3.9%. பெடாகுயிலின்–லைனசோலிட் பிரிவில் 5.8%, இடைவெளி −3.4 முதல் 5.1, தேறிவிட்டது. கூடுதல் அளவு ரிஃபாம்பிசின்–லைனசோலிட் பிரிவில் 11.4%, இடைவெளி 1.7 முதல் 13.2. மேல்முனை 12-ஐத் தாண்டியதால் தேறவில்லை. இதற்குத் “தாழ்வின்மை நிறுவப்படவில்லை” என்று எழுதினால் இரண்டு எதிர்மறை ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்கிறது.

நம் பேச்சு வழக்கிலேயே சொல் இருக்கிறது: சளைத்தல். “அண்ணனுக்குத் தம்பி சளைத்தவன் இல்லை” என்கிறோம். தம்பி மேல் என்று அதற்குப் பொருளில்லை. இருவரும் இம்மி பிசகாமல் சமம் என்றும் இல்லை. சொல்லும்படியாகப் பின்தங்கவில்லை, அவ்வளவே. இந்த ஆய்வுகள் கேட்கும் கேள்வியும் அதுதான். என் முன்மொழிவு சளையாமை.

“7 நாள் சிகிச்சை 14 நாளுக்குச் சளைத்ததல்ல.”
“ரிஃபாம்பிசின் பிரிவு வழக்கமான சிகிச்சைக்கு ஈடுகொடுக்கவில்லை, சளையாமை தேறவில்லை.”

ப. எழுதியது:

முதல் வாக்கியத்தைத் தலைப்பாகவே வைக்கலாம். ஆனால் சளைத்தல் என்றால் களைத்துப்போதலும்தானே? ‘சளைக்காமல் உழைத்தார்’ என்கிறோம். ‘சளையா ஆய்வு’ என்று சுருக்கினால் ஓய்வில்லாமல் ஆராய்ந்தார்கள் என்று ஆகிவிடாதா?

வெ. எழுதியது:

ஆகும். அதனால் ‘சளையா ஆய்வு’ வேண்டாம், ‘சளையாமை ஆய்வு’ என்று முழுதாகவே எழுதுவோம். பொருளைப் பிரித்துக் காட்டுவது நான்காம் வேற்றுமை. களைப்பைச் சொல்லும்போது ‘-க்கு’ வராது. ஒப்பிடும்போது ‘அதற்குச் சளைத்ததல்ல’ என்று வந்தே தீரும். இதில் ஒரு கூடுதல் வசதி: எதற்கு என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. ‘புதிய மருந்து தாழ்வின்மை காட்டியது’ என்று எழுதி ஒப்பீட்டு மருந்தை மறைத்துவிடலாம். ‘சளைக்கவில்லை’ என்று எழுதினால் ‘எதற்கு?’ என்று வாசகர் உடனே கேட்பார்.

கேட்கவும் வேண்டும். ‘ஆ’ மருந்து ‘அ’-வுக்குச் சளைக்கவில்லை, உண்மையில் 2 புள்ளி குறைவு. அடுத்த ஆய்வில் ‘இ’, ‘ஆ’-வுக்குச் சளைக்கவில்லை, இன்னொரு 2 புள்ளி குறைவு. இப்படி நாலு படி இறங்கினால் ஒன்றுமில்லாத மாத்திரைக்குப் பக்கத்தில் போய் நிற்போம். இதற்குப் ‘படித்தேய்வு’ என்று பெயர் வைக்கலாம்.

ந. எழுதியது:

சளையாமைக்கு என் ஆதரவு. அடுத்து அந்த எல்லைக்குச் சொல் வேண்டும். ‘விளிம்பு’ என்றால் தட்டின் ஓரம்போல் இருக்கிறது. ‘பொறுப்பளவு’ என்றால் கடமை என்று படிப்பார்கள். நான் விட்டுக்கொடுப்பு எல்லை என்பேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற கேள்வியை மறைக்காது. பேலன்ஸ் ஆய்வில் 4 புள்ளி என்றால் 100 பேரில் கூடுதலாக 4 இறப்பு வரை ஏற்கிறோம் என்று பொருள். ‘விளிம்பு 4%’ என்று எழுதினால் இது யாருக்கும் உறைக்காது.

எல்லையை இறுக்கினால் என்ன ஆகும் என்பதும் வாசகருக்குத் தெரியட்டும். இரு பிரிவிலும் இறப்பு 15% என்று வைத்து, ஒருபக்கப் பிழை (தவறாக வென்றதாகக் காட்டும் வாய்ப்பு) 2.5%, திறன் (உண்மையில் சளைக்காததைச் சரியாகக் காட்டும் வாய்ப்பு) 80% எனக் கணக்கிட்டால், 4 புள்ளி எல்லைக்குப் பிரிவுக்குச் சுமார் 1,250 பேர் வேண்டும். எல்லையை 2 ஆக்கினால் நான்கு மடங்கு, சுமார் 5,000 பேர். எல்லை தாராளமாக இருப்பதற்கு மருத்துவக் காரணத்தோடு செலவும் ஒரு காரணம்.

எல்லையை முடிவு தெரிந்தபின் நகர்த்தினால் ஆய்வே செல்லாது. அதனால் ‘முன்னறிவித்த’ என்ற அடையை விடவேண்டாம்.

ப. எழுதியது:

சரி. இன்னொன்று: வழக்கமான ஆய்வில் ஒதுக்கிய பிரிவின்படி எல்லோரையும் எண்ணுவதுதான் நேர்மையான கணக்கு. இங்கே அது போதாது என்கிறார்களே?

ந. எழுதியது:

போதாது. மேன்மையைக் காட்டும் ஆய்வில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களையும் சேர்த்து எண்ணினால் வேறுபாடு மங்கும். புதிய மருந்து வெல்வது கடினமாகும். சளையாமையில் வேறுபாடு மங்கினால் வெல்வது சுலபமாகிறது. ஏழு நாள் பிரிவில் பாதிப் பேர் பதினாலு நாள் சாப்பிட்டிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரியும்? சோம்பலாக நடத்தினால் பரிசு கிடைக்கும் ஆய்வு வகை இது. அதனால் ‘ஒதுக்கியபடி’, ‘நெறிப்படி’ (சொன்னபடி மருந்து எடுத்தவர்களை மட்டும் எண்ணுவது) என்ற இரண்டு பகுப்பையும் கேட்க வேண்டும். பேலன்ஸில் நெறிப்படிப் பகுப்பும் −2.0, இடைவெளி −4.5 முதல் 0.6 வரை, அதுவும் தேறியது.

வெ. எழுதியது:

எடுத்துக்காட்டுக்கு ஓர் உள்ளூர் ஆய்வும் வைக்கலாம். 1956-இல் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் தொடங்கியது: 193 நோயாளிகள், எல்லோருக்கும் அதே மருந்துகள் ஓராண்டு, பாதிப் பேருக்கு வீட்டில், பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் (தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில்). நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86%, சானடோரியத்தில் 92%. ‘வீடு சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல’ என்று உலகமே எடுத்துக்கொண்டது.

ந. எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எச்சரிக்கையோடு. அன்று எல்லை அறிவிக்கும் வழக்கமே இல்லை. பிரிவுக்கு எண்பது, தொண்ணூறு பேரில் 6 புள்ளி வேறுபாடு என்றால் இடைவெளியின் மேல்முனை 15 அளவுக்குப் போகும். ட்ரங்கேட்டின் தாராளமான 12-ஐ வைத்தாலும் தேறாது. அது உலகை மாற்றியது அந்த ஒரு எண்ணால் மட்டும் அல்ல. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவில்லை என்ற தொடர் கவனிப்பும், எல்லோருக்கும் போதுமான படுக்கை இல்லை என்ற நிலைமையும் சேர்ந்துதான். ‘சளைத்ததல்ல’ என்று பேச்சு வழக்கில் சொல்லலாம். ‘சளையாமை தேறியது’ என்று எழுதக்கூடாது.

ப. எழுதியது:

அந்த வேறுபாட்டையே பதிவில் சேர்த்துவிட்டேன். பட்டியலில் இப்போது இருப்பவை: சளையாமை ஆய்வு, விட்டுக்கொடுப்பு எல்லை (இதன் முன்னால் ‘முன்னறிவித்த’ கட்டாயம்), படித்தேய்வு, ஒதுக்கியபடிப் பகுப்பு, நெறிப்படிப் பகுப்பு. தோற்ற ஆய்வுக்குச் ‘சளையாமை தேறவில்லை’. இடைவெளி முழுவதும் எல்லைக்கு அப்பால் இருந்தால் மட்டும் ‘சளைத்தது’. ‘சமம்’, ‘சமானம்’ இரண்டும் இருபக்க எல்லை உள்ள ஆய்வுக்கு மட்டும். ‘தாழ்வின்மை’யை நீக்கிவிட்டேன்.