‘மின்ட்’ என்றால் புதினாவா, நாணயமா? ஸ்டாம்ப் வாங்குகிறவர் கேட்கிறார், உதவுங்கள்

கேட்டவர், பெரம்பூர்:
அப்பா சேர்த்து வைத்த ஸ்டாம்ப் ஆல்பத்தை விற்கலாம் என்று ஒருவரிடம் பேசினேன். “எல்லாம் மின்ட்டா சார்?” என்கிறார். எனக்குத் தெரிந்த மின்ட் புதினா மிட்டாய், இல்லையென்றால் தங்கசாலை மின்ட் பஸ் ஸ்டாண்ட். இது மூன்றாவதா? பெரும்பாலும் முத்திரை விழாத ஸ்டாம்புகள்தான், ஆனால் சிலவற்றின் பின்பக்கம் ஏதோ ஒட்டிப் பிய்த்த தழும்பு இருக்கிறது. என்ன பதில் சொல்லட்டும்?

பதில், ராயபுரம்:
சார், அவை இரண்டு தனி வார்த்தைகள், ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். புதினா மின்ட் கிரேக்க மின்தே, லத்தீன் மென்தா வழி வந்தது, மென்தாலும் அதே வீடுதான். நாணயச்சாலை மின்ட்டுக்கு மூலம் லத்தீன் மொனேட்டா. ரோமில் கேப்பிட்டோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயில் இருந்தது, அங்கேதான் காசு அடித்தார்கள், அதனால் தேவியின் பட்டப்பெயர் நாணயச்சாலைக்கும் காசுக்கும் ஒட்டிக்கொண்டது. பணத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘மணி’யும் அதே மொனேட்டாதான், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் நம்ம மின்ட் தெருவும் இந்தப் பக்கம்தான். இப்போது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என 4 இடங்களில்தான் காசு அடிக்கிறார்கள், ஆனாலும் பஸ்ஸில் “ஒரு மின்ட்” என்று டிக்கெட் கேட்கிறோமே, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேட்டவர்:
சரி, ஸ்டாம்புக்கு அது எப்படி வந்தது?

பதில், மயிலாப்பூர்:
நாணயச்சாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த, கை படாத காசு மாதிரி என்று அர்த்தம். அப்புறம் ஸ்டாம்ப், பழைய புத்தகம், இசைத்தட்டு எல்லாவற்றுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்டாம்பில் கொஞ்சம் கண்டிப்பு. முத்திரை விழாமல் இருந்தால் மட்டும் போதாது, பின்பக்கக் கோந்தும் வெளியிட்டபோது இருந்தபடியே இருக்கணும். ஆல்பத்தில் மாட்ட ஒட்டுகிற சின்னக் காகிதம், அதுதான் ஹிஞ்ச், அதன் தழும்புதான் நீங்கள் பார்த்தது. அவற்றை ‘ஹிஞ்ச்டு மின்ட்’ என்று தனியாகச் சொல்லுங்கள், விலை பொதுவாகக் குறையும். கோந்தே போயிருந்தால் வெறும் ‘அன்யூஸ்டு’. மூன்றையும் கலந்து காட்டாதீர்கள்.

கேட்டவர்:
சில ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீரில் ஊறவைக்கலாமா அண்ணா?

பதில், மயிலாப்பூர்:
வேண்டவே வேண்டாம் தம்பி! தண்ணீர் பட்டால் கோந்து கரைந்து அது மின்ட்டே இல்லாமல் போய்விடும். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கே கோந்து இளகிவிடும், கையாலும் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.