இசைத்தட்டுக்கு ரேஷன் இருந்த காலம்

பி.பி.சி. ரேடியோவின் பேண்டுகளை, அதாவது இசைக்குழுக்களை, நேரில் பார்த்தவர்கள், அந்தக் காலத்து ஆட்களிடம் பேசியவர்கள் இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

லண்டன் வந்த புதிதில் பி.பி.சி. பிக் பேண்ட் ஒலிப்பதிவுக்கு இலவசச் சீட்டு கிடைத்தது. இடம் மைடா வேல். வெளியே பார்த்தால் ஸ்டூடியோ என்றே தோன்றாது. 1909இல் ஸ்கேட்டிங் அரங்கமாகக் கட்டிய நீளமான, தாழ்வான கட்டடம். ஒலிப்பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெதுவான பாட்டு, டிராம்போன்கள் தணிந்து ஒலிக்கும் இடம். அங்கே பார்த்து எனக்கு இருமல்! நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். சீதையைப் போல நிலத்துக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரித்துக்கொண்டே மிட்டாய் நீட்டினார். பழைய டிரம்பெட்காரர். இடைவேளையில் அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ரேடியோவில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ரெக்கார்டு போடலாம் என்று கட்டுப்பாடு இருந்திருக்கிறது. பெயர் 'நீடில் டைம்'. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் அதில் பிடிவாதமாக நின்றன. மீதி நேரத்தை ஆள் வைத்து வாசித்துத்தான் நிரப்ப வேண்டும். லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ என்று ஊருக்கு ஊர் சம்பளத்துக்கு இசைக்குழு வைத்திருந்ததற்கு இதுவும் காரணம். கடையில் ஹிட்டான பாட்டை ரேடியோ பேண்ட் தன் பாணியில் திரும்ப வாசிக்கும். நானோ எல்லாம் இசைமேல் வைத்த பிரியம் என்று நினைத்திருந்தேன்!

1980இல் ஐந்து இசைக்குழுக்களைக் கலைக்கப்போவதாக பி.பி.சி. அறிவித்ததும் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம். அந்தக் கோடையில், பி.பி.சி. ஆண்டுதோறும் நடத்தும் ப்ராம்ஸ் கச்சேரிகளே தாமதமாகத்தான் தொடங்கின. 1988இல் ரெக்கார்டு கட்டுப்பாடும் போய்விட்டது. "அப்புறம் நாங்கள் எதற்கு?" என்றார் பெரியவர். அதற்குள் சிவப்பு விளக்கு. நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.

*

என்னுடையது ஆள் இல்லை, ஒரு தெரு. வேலை முடிந்து பிக்காடில்லியிலிருந்து லெஸ்டர் சதுக்கத்துக்குக் கவன்ட்ரி தெரு வழியாக நடப்பேன். கஃபே டி பாரி என்ற இரவு விடுதி அங்கேதான் இருந்தது. தரைக்கு அடியில் ஆட்டக்கூடம், அதனால் பத்திரம் என்று நம்பி வந்த கூட்டம். 1941 மார்ச் 8 இரவு ஜெர்மன் விமானம் போட்ட குண்டு உள்ளேயே வந்து வெடித்தது. பேண்டை நடத்திய கென் 'ஸ்நேக்ஹிப்ஸ்' ஜான்சன் அங்கேயே இறந்தார். பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், வயது 26. அடுத்த மாதமே பாடகர் அல் பௌலி, செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், டியூக் தெருவில் தன் வீட்டிலேயே குண்டுவீச்சில் போனார். இரண்டு இடத்துக்கும் நடுவே பத்து நிமிட நடைதான்.

*

நான் பெட்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். தொண்ணூறைத் தொட்ட ஒரு பாட்டி, போர்க்காலத்தில் தொழிற்சாலையில் இருந்தவர். காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் ஒலிபெருக்கியில் அரைமணி நேரம் பேண்ட் வாசிக்குமாம். 1940 ஜூனில் பி.பி.சி. தொடங்கிய 'மியூசிக் வைல் யூ வொர்க்' அது. இயந்திர இரைச்சலிலும் கேட்க வேண்டும், சத்தம் ஏறி இறங்கக்கூடாது, தூங்க வைக்கும் பாட்டு கூடாது. 'டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' பாட்டுக்கு அந்த நிகழ்ச்சியில் தடையே இருந்தது. நடுவில் நான்கு கைதட்டல் வரும். கையில் ஸ்பானரோடு நிற்பவர்கள் எதைத் தட்டுவார்கள்?

பாட்டிக்கு என் பெயர் தினமும் மறந்துவிடும். ஒருநாள் தேநீர் கொடுத்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டேன். சரியான இடத்தில், கரண்டியால் கோப்பையில் நான்கு தட்டு. தேநீர் முழுக்க என் சட்டையில்.