புதுப்பிப்பு: மாமா விட்டுப்போன சாவி வெட்டும் மெஷின் ஓடுகிறது

போன மாதம் படம் போட்டுக் கேட்டிருந்தேன்: பழைய வண்ணாரப்பேட்டையில் மாமா கடையைக் காலி செய்தபோது கிடைத்த, பெயர்த்தகடு இல்லாத இரும்பு மெஷின் என்னவென்று. சாணை பிடிக்கும் மெஷின் என்றுதான் பலர் சொன்னீர்கள். இல்லை, சாவி நகலெடுக்கும் மெஷின்தான். மண்ணடியில் சாவி போடும் பெரியவர் ஒருவர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வைஸைப் (சாவியை இறுக்கிப் பிடிக்கும் பிடி) பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஒன்றில் மூலச் சாவி, மற்றதில் வெட்டாத சாவி. மூலத்தின் பல்லில் கைடு (சாவியைத் தொட்டு நகரும் முனை) ஏறி இறங்க, அதே அளவு கட்டர் மற்றதை வெட்டும்.

மண்ணெண்ணெயில் துடைத்து, பெல்ட் மாற்றினேன். ஆனாலும் முதல் சாவி பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. பெரியவர் சொன்ன வழி இதுதான்: மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரே மாதிரியான, வெட்டாத இரண்டு சாவிகளை, தோள் (கைப்பிடியை ஒட்டிய விளிம்பு) நேராக இருக்கும்படி மாட்டுங்கள். கைடு ஒன்றைத் தொடும்போது கட்டர் மற்றதை லேசாக உரச வேண்டும். கையால் சுற்றிப் பாருங்கள். என் மெஷினில் தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தது. அதனால் வெட்டு ஆழம் போதவில்லை. கைடு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், நகலிலிருந்து நகல் எடுக்காதீர்கள், பிழை கூடிக்கொண்டே போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பித்தளைத் தூள் நேரே முகத்துக்குத்தான் வரும்.

நேற்று அத்தை வீட்டு வாசல் பூட்டுக்கு ஒன்று வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். முதல் திருப்பிலேயே திறந்தது. அத்தை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.