சாயப்பட்டறை இசைவாணை: 1990-களுக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம்?

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் என் தந்தை 1990-களில் சிறிய சாயப்பட்டறை ஒன்றை நடத்தி, பின்னர் மூடிவிட்டார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் அன்று பெற்ற இசைவாணை (ஆலை நடத்த வாரியம் தரும் அனுமதி) இன்னும் எங்களிடம் உள்ளது. அதைக் கொண்டே மீண்டும் தொழில் தொடங்கலாம் என்று உறவினர்கள் கூறுகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இசைவாணை குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். புதுப்பிக்காமல் விட்டதை இப்போது பயன்படுத்த இயலாது. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும்தான் இன்றும் அடிப்படை. ஆலையை நிறுவ ஓர் இசைவு, இயக்க மற்றோர் இசைவு என்ற முறையும் அப்படியே நீடிக்கிறது. நிபந்தனைதான் தலைகீழாக மாறிவிட்டது. உங்கள் தந்தையின் காலத்தில் கழிவுநீரை வரம்புக்குள் சுத்திகரித்து வெளியே விடலாம் என்றிருந்தது; ஆனால் சாயமேற்றப் பயன்படும் உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்காது என்பதால், நிறம் நீங்கிய நீரும் உப்பைச் சுமந்துகொண்டே நொய்யல் ஆற்றில் கலந்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று உத்தரவிட்டது, 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பின்னரும் நிலைமை சீராகாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

பதில் 2:
நான் ஒரத்துப்பாளையம் பகுதி விவசாயி. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே இங்கே கட்டி 1992-இல் முடித்த அணையில் சாயக்கழிவு தேங்கியதால், அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று நாங்களே கேட்க நேர்ந்தது. அன்றும் பட்டறைகளிடம் இசைவாணைகள் இருந்தன. இன்றைய கடுமை ஆயக்கட்டு (அணைப் பாசனப் பகுதி) விவசாயிகள் வழக்காடிப் பெற்றது என்பதைத் தொழில் தொடங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பதில் 3:
சாயமேற்றும் தொழில், மாசு மிகுந்த தொழில்களுக்கான சிவப்பு வகைப்பாட்டில் வருகிறது. மாசு மிகக் குறைந்த தொழில்களுக்காக 2016-இல் உருவான வெள்ளை வகைக்குக் கிடைக்கும், இசைவாணை தேவையில்லை என்ற சலுகை உங்களுக்குப் பொருந்தாது. 2024-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத் திருத்தம், அதை ஏற்ற மாநிலங்களில், பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பெரிய ஆலைக்கு இது ஒரு செலவுக் கணக்காகிவிடும் என்பது என் கவலை. ஆயினும், இசைவின்றி ஆலை இயக்குவதற்கான சிறைத் தண்டனையை அந்தத் திருத்தமும் நீக்கவில்லை. எனவே, பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உங்கள் கழிவுநீரை ஏற்குமா என்று எழுத்துமூலம் உறுதிசெய்த பிறகே இயந்திரங்களுக்கு முன்பணம் கொடுங்கள்.