தாம் யார்க்கின் ‘தி இரேசர்’: முழுமையான ஆல்பமா, ரேடியோஹெட்டுக்கு எழுதிய வரைவா?

ஒலிநாடா:
ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் தாம் யார்க் தன் பெயரில் 2006 ஜூலையில் வெளியிட்ட ‘தி இரேசர்’ ஆல்பத்தை இந்த வாரம் மூன்று முறை தொடக்கத்திலிருந்து இறுதிவரை கேட்டேன். ஒன்பது பாடல்கள், சுமார் 41 நிமிடங்கள். யார்க்கின் குரலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இவை ரேடியோஹெட்டின் மற்ற நால்வர் முன் வைக்கப்பட்டு, அவர்களால் மறுக்கவும் மாற்றவும் பட்டிருக்க வேண்டிய பாடல்கள் என்பதே என் உறுதியான கருத்து. ‘தி க்ளாக்’ பாடலில் தாளம் முதல் சில நொடிகளில் பிடித்த வட்டத்தையே கடைசிவரை சுற்றுகிறது. அந்தக் குழுவின் ஃபில் செல்வே டிரம்ஸ் வாசித்திருந்தால், பாடல் வளரும்போது தாளமும் அதனுடன் சேர்ந்து மூச்சு வாங்கியிருக்கும்.

தாழ்வாரம்:
அந்தத் தாளம் மூச்சு வாங்காமல் ஓடுவதில்தான் பாடலின் பொருளே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். காலம் நமக்காக நிற்பதில்லை என்று சொல்லும் ஒரு பாடலில், மனிதக் கையின் தயக்கம் தெரியாத ஒரு வட்டத்துக்கு மேல் தயங்கித் தயங்கி ஒரு குரல் நடந்து போகிறது; இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசும் இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சின் பங்கையும் இங்கே மறக்கக் கூடாது. எதிரொலிக்குள் குரலை மறைத்துக்கொள்ள யார்க் விரும்பியபோது, அதை எதிரொலி இல்லாமல், முன்னால், உரக்க வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பத்தின் காலத்தில் கருவிகளுக்குள் கரைந்துபோன அதே குரல் இங்கே நம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறது. ஐவர் வாசித்திருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது.

ஒலிநாடா:
குரலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘தனி ஆல்பம்’ என்ற வாதத்தையே இதன் ஒலிகள் பலவீனப்படுத்துகின்றன. தலைப்புப் பாடலின் பியானோ கோர்டுகள் ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் வாசித்தவை. யார்க் அவற்றை வெட்டி மறு வரிசையில் ஒட்டினார். ‘பிளாக் ஸ்வான்’ பாடலின் அடித்தளத்தில் அதே குழுவின் எட் ஓ’பிரையனும் செல்வேயும் 2000ஆம் ஆண்டில் பதிவு செய்த துண்டு இருக்கிறது. அதாவது, குழுவை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு அதன் கைகளை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது ‘சோலோ’ என்ற சொல்லை யார்க்கே விரும்பவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மழைமானி:
இருவரும் ‘ஹாரோடவுன் ஹில்’ பாடலை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈராக் போரை நியாயப்படுத்திய பிரிட்டிஷ் அரசின் ஆவணம் குறித்த பிபிசி செய்திக்குத் தகவல் தந்தவர் என்று பெயர் வெளிவந்த ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லி, 2003 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், பாடலின் பெயரில் வரும் ஹாரோடவுன் குன்றுக்கு அருகிலுள்ள காட்டில் இறந்து கிடந்தார். ரேடியோஹெட் உருவானதும் அதே மாவட்டத்தில்தான். அந்தப் பாடலில் முன்னே வந்து நிற்கும் பேஸ் வரியைக் கேளுங்கள்; அதற்கு மேல் ஒரு கிடார் அடுக்கு கூடியிருந்தாலும் பாடல் ஒரு முழக்கமாக மாறியிருக்கும். தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மனிதனின் பாடல் தனியாக ஒலிப்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.

ஒலிநாடா:
அந்த ஒரு பாடலுக்காக நான் தலைவணங்குகிறேன். அதில் எதையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவற்றுக்கு யார்க்கே எனக்குச் சாட்சி தந்திருக்கிறார். 2009 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ பேஸ் வாசிக்க, ஜோயி வாரோங்கர் டிரம்ஸிலும் மௌரோ ரெஃபோஸ்கோ தாளக் கருவிகளிலும் அமர, காட்ரிச்சும் உடன் நிற்க, இதே பாடல்களை அவர் வாசித்தார். பின்னர் ‘ஆட்டம்ஸ் ஃபார் பீஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்தக் குழுவின் கையில் இந்த ஆல்பத்தின் பாடல்கள் உடம்பு பெற்று ஆடின. முழுமையடைந்த பாடல்களுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஏன் ஒரு குழு தேவைப்பட்டது?

தாழ்வாரம்:
மேடையில் பாடுவதற்குத் தேவைப்பட்டது, பதிவுக்குத் தேவைப்படவில்லை. அந்த நிகழ்ச்சிகளின் பதிவுகளை நானும் மகிழ்ச்சியோடு கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ‘சிம்பல் ரஷ்’ ஒரு கொண்டாட்டமாக உயர்கிறது; ஆல்பத்திலோ அது கதவடைத்த அறையில் ஒருவர் பதற்றத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் முடிகிறது. ஸ்டான்லி டான்வுட்டின் அட்டைப்படத்தைப் பாருங்கள்: லண்டனை மூழ்கடிக்க வரும் வெள்ளத்தை நோக்கி ஒரே ஒருவர் கை நீட்டி நிற்கிறார், வெள்ளம் நிற்கவில்லை. அந்த ஒருவருக்குப் பக்கத்தில் இன்னும் நால்வரை வரைந்துவிட்டால் படம் வேறு எதையோ சொல்லும்.

ஒலிநாடா:
அட்டைப்படத்தை வைத்து என்னை அசைத்துவிட்டீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ‘தி க்ளாக்’ பற்றிய என் கருத்து மாறவில்லை. இன்றிரவு மேடைப் பதிவையும் ஆல்பப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, எந்த நொடியில் செல்வேயை நான் தேடுகிறேன் என்பதைக் குறித்து வந்து எழுதுகிறேன்.